நீ எழுதிய 'ஏய்'

அன்பு மகனுக்கு,

"என் சீரியல் எப்படிம்மா இருக்கு?" என்று போன வாரம் கேட்டாய். வசனம் எழுதுகிறவன் நீயாயிற்றே, "நல்லாருக்குப்பா" என்றேன். பொய். அதில் வேலைக்காரக் கிழவியைச் சின்னப் பிள்ளைகூட "ஏய்" என்றுதான் அதட்டுகிறது.

நேற்று விக்கிரமங்கலத்திலிருந்து உன் பெரியம்மா வந்திருந்தார். லீவுக்கு இங்கே வந்திருக்கும் உன் மகள் விளையாட்டாக உன் வசனத்தைச் சொன்னாள்: "ஏய் கிழவி, தண்ணி கொண்டா!"

அக்கா பதறி எழுந்து, "இந்தா வந்துட்டேங்க" என்றார்.

ஐம்பது வருடம் அடுத்தவர் வயலில் சொல்லிப் பழகிய வாய். எனக்கு இன்னும் ஆறவில்லை. டீச்சராக இருந்தவரை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளையும் நான் "வாங்க" என்றே கூப்பிட்டது எதற்கென்று உனக்குத் தெரியாதா?

அடுத்து எழுதும் காட்சியில் அந்தக் கிழவியை ஒருவராவது "வாங்க" என்று கூப்பிடட்டும். எழுதிப் பார்.

கோபத்துடன்,
அம்மா