கிளேபாங்கைத் தாண்டி ஒரு கரை

காஜா பெராங், மலாக்கா
தாரண வருஷம், ஆவணி

செல்ல மகள் சிவகாமசுந்தரிக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று தெம்பாகவே இருக்கிறோம், ஈப்போவில் அத்தை வீட்டில் நீயும் சுகமாக இருக்க முருகன் துணை. தபாலில் போட்டால் ஜப்பான்காரன் பிரித்துப் படிக்கிறானாம், அதனால் லாரி ஓட்டும் அப்துல் கய்யூம் பாய் கையில் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

பதறாமல் படி அம்மா. மாப்பிள்ளையோடு சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப்போனார்களே சுப்பையன், அவன் ஆடி பிறந்ததும் எலும்பும் தோலுமாய்த் திரும்பி வந்தான். மாப்பிள்ளை தியாகுவைக் காலராக் கொட்டகையில் போட்டதைப் பார்த்தானாம், அங்கே போனவர்கள் யாரும் வெளியே வந்ததில்லையாம். செத்ததைப் பார்த்தாயாடா என்று உலுக்கினேன், கண்ணால பாக்கல மாமா என்று அழுதுவிட்டான். எனக்கு அது போதும். மாப்பிள்ளையின் அண்ணன் சேதுராமனுக்குப் போதவில்லை, ஆடி அமாவாசையில் கடலில் எள்ளும் தண்ணீரும் விட்டால்தான் தம்பி ஆத்மா அடங்கும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதைச் செய்துவிட்டால் அடுத்து உன் தாலியைக் கழற்றச் சொல்லி வருவார்களே, உயிரோடு இருக்கிறவனுக்கு எள் விடலாமா?

டவுன் கரையில் உப்புக் காய்ச்சுகிறவர்கள் கூட்டம், கூட்டம் கூடினால் ஜப்பான்காரன் வந்து நிற்கிறான், அதனால் ஆள் நடமாட்டமில்லாத கரை வேண்டும் என்றார் சேதுராமன். கரையோரச் சடக்கில் பஸ் ஓட்டினவன் ஆயிற்றே நான், தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது. டயருக்குள் கயிறு திணித்த சைக்கிளில் போய் இடுப்பு கழன்றுவிட்டது. கிளேபாங் கரையில் வலைக்காரர்கள், அதற்கு அந்தப் பக்கம் சிப்பாய்கள். இன்னும் தள்ளிப் போனேன், தென்னைகளுக்குப் பின்னால் ஒரு கரை, ஈ காக்கை இல்லை, அலைகூடச் சத்தம் போடாமல் வந்து போகிறது. அங்கே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். திரும்பி வந்து, எங்கே பார்த்தாலும் கூட்டம் என்று சேதுராமனிடம் புளுகிவிட்டேன். மறுநாளும் போனேன், மறுபடி அதே புளுகு. அமாவாசை போய்விட்டது. உன் அம்மா வேட்டி மடிப்பிலிருந்து மணலை உதறி, கரையே இல்லையென்றால் இது எந்தக் கடையில் வாங்கின மணல் என்று கேட்டாள், பிறகு சேதுராமன் வருமுன் அதைப் பெருக்கித் தள்ளிவிட்டாள்.

இப்போது புரட்டாசி அமாவாசைக்கு நானே தேடிக்கொள்கிறேன் என்கிறார், அவரிடமும் சைக்கிள் இருக்கிறது, எத்தனை நாள் மறைப்பேன் சொல். நான் செய்தது சரியா என்றும் தெரியவில்லை, ஒருவேளை போய்ச் சேர்ந்திருந்தால் அந்தப் பிள்ளை ஒரு வாய்த் தண்ணீருக்குத் தவிக்குமே என்று அதுவும் பயமாக இருக்கிறது. உனக்கு ஏதாவது சேதி வந்ததா, வராவிட்டாலும் உன் மனசு என்ன சொல்கிறது, ஒரு வரி எழுதி பாயிடமே கொடு. செய்யச் சொன்னால் அந்தக் கரைக்கு நானே கூட்டிப்போகிறேன், வேண்டாம் என்றால் வெட்டிப்போட்டாலும் காட்டமாட்டேன்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, இருட்டினபின் வெளியே போகாதே. பொட்டலத்தில் அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துச் செய்த குங்குமம் இருக்கிறது, நிறம் கொஞ்சம் மட்டம்தான், தினமும் வைத்துக்கொள். எப்போதும் கடைசியில் எழுதுகிற வாழ்த்தை எழுதலாமா என்று வெகுநேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். எழுதிவிடுகிறேன்.

தீர்க்கசுமங்கலியாக இரு, அம்மா.

உன் அப்பா,
கலியாணசுந்தரம்