உன் தொடையில் ஓடிய இரண்டாவது நரம்பு

இன்று கெண்டைக்காலில் தேய்த்துக்கொள்ளத் தைல பாட்டிலைத் திறந்தேன். வாசம் எழுந்ததும் நீ பக்கத்தில் வந்து நிற்பதுபோல் இருந்தது. கடை முழுக்கப் புதுச் சேலை வாசம் அடித்தாலும், நீ நிற்கிற பக்கம் வந்தால் தைலம்தான். தேய்க்காமலே மூடி வைத்துவிட்டு அழுதேன்.

அருப்புக்கோட்டையில் அந்தச் சேலைக் கடையில் இருவரும் நின்று நின்றே வயதானோம். உட்காரச் சொல்லி ஸ்டூல் போட்டார்கள். அதன் மேலும் நீ சேலையை அடுக்கினாய். "உக்காந்தா வர்ற ஆளு அடுத்த கவுண்டருக்குப் போயிரும்டி" என்பாய். உன் இடது காலில் நரம்பு புடைத்துச் சுருண்டு கிடந்தது. நாம் அதை நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கால் ரத்தத்தை இதயத்துக்கு மேலேற்றுகிற குழாய் அது என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும்.

அதற்கு ஒருமுறை ஆபரேஷன் செய்துகொண்டாய். ஒரு வருடம் நன்றாக நடந்தாய். பிறகு அதே காலில் மறுபடியும் புடைத்தது. கணுக்கால் பக்கம் தோல் கறுத்துப் புண் வந்தது. "அவுக ஒழுங்கா அறுக்கலடி" என்று நீ திட்ட, நானும் சேர்ந்து திட்டினேன்.

மதுரைக்கு உன்னோடு நான்தான் வந்தேன். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா உன்னை நிற்கவைத்து, பசையைத் தடவி, கருவியைத் தொடையில் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு பேனாவால் ஒரு கோடு போட்டார்கள். கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

"பொதுவா இந்த இடத்துல ஒண்ணுதாம்மா இருக்கும். உங்களுக்கு ரெண்டு ஓடுது. போன தடவை ஒண்ண மட்டும் கட்டியிருக்காங்க, இன்னொண்ணு தப்பிச்சிருச்சு. ஆளுக்கு ஆள் இது மாறும்மா. அதான் கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே இப்படிப் பாத்துக்கிறது."

நீ குனிந்து பார்த்தாய். "பாத்தியாடி, எனக்கு மட்டும் டபுள் பார்டர்!" என்றாய். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்கள். பஸ் காரியாபட்டி தாண்டும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

மறு ஆபரேஷனுக்குச் சீக்கிரம் வந்து படுக்கச் சொன்னார்கள். நீ கேட்டாயா? ஆடித் தள்ளுபடி முடியட்டும் என்றாய். தள்ளுபடி என்ன உன் அப்பன் வீட்டுக் கல்யாணமா? உன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை, போ.

ஆடி முடியவில்லை. பாளையம்பட்டியில் உன் வீட்டில், குளித்துவிட்டு வரும்போது, புண்ணுக்குப் பக்கத்தில் அந்த நரம்பு வெடித்தது. வலிக்கவே இல்லையாம். தண்ணீர் என்று நினைத்துத் துடைத்தாயாம். உன் வீட்டுக்காரர் திருச்சுழிப் பக்கம் காட்டு வேலையில் வளர்ந்தவர். அங்கே பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே கயிறு கட்டுவார்கள். அவர் கைக்குத் தெரிந்தது அதுதான். துண்டைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டி, உன்னை ஆட்டோவில் உட்காரவைத்து, காலைத் தொங்கப் போட்டபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் நீ போய்விட்டாய்.

சேதி கேட்டு நான் ஓடிவந்தபோது அவர் உன் காலடியில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "யாரும்மா மேல கட்டுனது? படுக்கவச்சு, காலைத் தூக்கி, வெடிச்ச இடத்த அழுத்திப் பிடிச்சிருந்தா நின்னிருக்குமே. மேல கட்டுனா, ஏறுற ரத்தம் ஏற வழியில்லாம வெடிச்ச இடத்து வழியாத்தான் வரும்."

உன் வீட்டுக்காரரிடம் போய் அதைச் சொல்லவில்லை.

இப்போது கடையில் நிற்கிற எல்லாப் பெண்களிடமும் சொல்கிறேன். நரம்பு வெடித்தால் படுங்கள், காலைத் தூக்குங்கள், விரலால் அழுத்துங்கள், மேலே கட்டாதீர்கள். ஏன் என்று கேட்டால் டாக்டர் சொன்னார் என்பேன். யாருக்கு நடந்தது என்று சொல்வதில்லை.

போன வாரம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது உன் வீட்டுக்காரர் படியேறி வந்தார். சட்டென்று பேச்சை நிறுத்தினேன். இளைத்துப்போயிருக்கிறார். உன் கவுண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, அன்னைக்கு நான் மட்டும் இறுக்கிக் கட்டலைன்னா அவ வீட்டுலயே போயிருப்பா, இல்ல? ஆஸ்பத்திரி வரைக்குமாச்சும் உசுரோட கொண்டாந்தேன்ல?"

"ஆமாண்ணே," என்றேன். "நீங்க கட்டுனதாலதான்."