ஆமைத் திட்டு

அன்புள்ள பாஞ்சாலிக்கு,

பொம்மிடியில் உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே ஒகேனக்கல்லில் கூட்டம் குறையவில்லை.

ஆமைகள் முட்டையிடும் மணல்திட்டில் சுற்றுலாக்காரர்களை இறக்கினான் என்று உன் தம்பி மாதுவின் பரிசலைப் பறிமுதல் செய்தேன். "ஆமை முட்டையவிட என் தம்பி பொழப்பு கேவலமாப் போச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு நீ பஸ் ஏறினாய். வனக்காவலன் வேறென்ன செய்வான்?

நேற்று மேலதிகாரி விருந்தாளிகளோடு வந்தார். "பிக்னிக்குக்கு அந்தத் திட்டுதான் நல்லாருக்கும், கொண்டு போய் வுடுப்பா" என்றார்.

"முட்டை இருக்குதுங்க."

சிரித்தார். மாதுவின் பரிசலையே எடுக்கச் சொன்னார். துடுப்புப் போட்டவன் நான்தான்.

மீன் வறுக்க அடுப்புக்குக் குழி கேட்டார்கள். முட்டை இருக்காது என்று நினைத்த ஓரமாகப் பார்த்துத் தோண்டினேன். மண்வெட்டி மஞ்சள் கருவோடு வந்தது. அதன்மேல்தான் அடுப்பு மூட்டினார்கள்.

ஆடிப்பெருக்குக்கு நீ பரிசல் விளிம்பில் பூசிய மஞ்சள் இன்னும் இருக்கிறது. மாதுவிடம் எதுவும் சொல்லாதே.

அந்தப் பரிசல் மறுபடியும் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. யாரும் எடுத்துப் போகாமல் நான்தான் காவல் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்