ரேடியேட்டரில் சந்தனம்

மாமா,

போன வியாழக்கிழமை அரக்கோணம் ரோட்டில் ஒரு ரேடியேட்டர் பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன். முன்பக்கம் நீண்ட நம் பழைய மூக்கு லாரியின் ரேடியேட்டரைக் கழற்றி, மேல் தொட்டியைப் பிரித்து, கவிழ்த்துத் தட்டினார் பட்டறைக்காரர். துருவும் உப்பும்தான் கொட்டும் என்று நினைத்தேன். விழுந்தது வெளிர் மஞ்சளாக ஒரு சேறு, இரண்டு கைப்பிடி இருக்கும். அவர் அதில் கொஞ்சம் எடுத்து விரலில் நசுக்கி முகர்ந்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னாம்மா இது, வண்டிக்கு அபிஷேகம் கிபிஷேகம் பண்ணீங்களா?"

நானும் முகர்ந்தேன். பழைய பித்தளை வாடைக்கு அடியில், மங்கலாக, சந்தனம். மலைமேல் முருகன் கோயிலில் கொடுக்கிற சந்தனம். பாப்பாவுக்கு உடம்பு சுட்டால் தண்ணீரில் கரைத்து இரண்டு ஸ்பூன் புகட்டுவோமே, அதேதான்.

உடனே எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இன்ஜின் வேலை பார்த்த முனிரத்தினம் மேஸ்திரி வேண்டுமென்றே எதையோ போட்டுவிட்டார் என்று. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. என் புத்தி இன்னும் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது.

உங்களுக்கும் எனக்கும் ஒத்துப்போனதே சந்தேகத்தில்தானே. பால்காரர் ஊற்றிய பாலை நகத்தின் மேல் ஒரு சொட்டு விட்டு, வழிகிறதா நிற்கிறதா என்று பார்ப்பீர்கள். நான் பாப்பாவின் காய்ச்சலை இரண்டு தெர்மாமீட்டரில் பார்ப்பேன், ஒன்றை எப்படி நம்புவது? கல்யாணமான புதிதில் மருந்துக்கடைச் சீட்டை நான் மூன்று முறை படித்ததைப் பார்த்துவிட்டு இவரிடம் சொன்னீர்கள்: "என்னை மாதிரியே முழிக்குதுடா இந்தப் பொண்ணு. இனிமே எனக்குத் துணைக்கு ஆள் இருக்குது."

லாரி இன்ஜின் வேலை முடிந்து வந்த அன்றும் நாம் இரண்டு பேரும்தான் முழித்துக்கொண்டு நின்றோம். மூன்று வாரம் முனிரத்தினத்தின் ஷெட்டில் இன்ஜினை இறக்கி, புது லைனர், புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டிருந்தது. அவர் உங்களோடு சேர்ந்து ரேணிகுண்டாவுக்கு லோடு அடித்தவர், முப்பது வருடச் சிநேகிதர். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி வாசலில் வந்து நின்றதும் அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"எல்லாம் புதுசு நைனா, இறுக்கமா இருக்கும். மொதல்ல கொஞ்சம் சூடாத்தான் ஓடும். ஓட ஓட தானா அடங்கிடும். பயந்துடாத."

பயப்படாதே என்றால்தான் நமக்குப் பயம் வரும். முதல் கரும்பு லோடிலேயே சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டியது. அடுத்த வாரம் இன்னும் ஒரு கோடு. நான் ஒரு நோட்டுப் போட்டேன். எந்த நாள், எவ்வளவு லோடு, எந்த இடத்தில் முள் எங்கே நின்றது. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது என்றேன். கல்லூரியில் வேதியியல் படித்ததற்கு நம் வீட்டில் அன்றுதான் ஒரு உபயோகம் வந்தது.

"ஆங்," என்றீர்கள். "ஒவ்வொருத்தனாத்தான் விசாரிக்கணும்."

ஃபேன் பெல்ட்டை இறுக்கிப் பார்த்தோம், குறையவில்லை. மூன்றாவது வாரம் முனிரத்தினமே வந்து, சூடேறினால் திறந்து தண்ணீரை விடுகிற தெர்மாஸ்டாட் வால்வைக் கழற்றி, நம் அடுப்பில் வெந்நீரில் போட்டுக் காட்டினார். சரியாகத்தான் திறந்தது. இருந்தாலும் புதிது ஒன்று மாட்டிவிட்டுப் பழசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். பழசை ஏன் எடுத்துக்கொண்டு போகிறார் என்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள். நான் அதையும் நோட்டில் எழுதினேன். அப்புறம் வாட்டர் பம்ப். முள் ஏறிக்கொண்டேதான் இருந்தது. பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கி மூட்டை ஏற்றி வந்த அன்று பாதி வழியில் ஆவி பீறிட்டு, ஒரு மணி நேரம் புளியமரத்தடியில் நின்றீர்கள். பாப்பா உங்கள் மடியில் இருந்தாள். இனிமேல் அவளை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள் என்று நான் கத்தியதும் அன்றுதான்.

இன்ஜின் தலைக்கு அடியில் வைத்து இறுக்குகிற தகடு பழசாக இருந்தால் வண்டி சூடாகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்று மாலையே அந்த வார்த்தையைச் சொன்னேன். "மாமா, ஹெட் கேஸ்கெட் பழசையே திருப்பிப் போட்டிருப்பாரோ?" அதுவரை உங்கள் வாயில் அது வரவில்லை. முதலில் சொன்னது நான்தான். இந்தக் கடிதத்தை இவ்வளவு பிந்தியாவது எழுதுவது அதற்காகத்தான்.

மறுநாள் அவர் வந்தபோது டீ கொடுத்துவிட்டு, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே கேட்டேன், கேஸ்கெட் புதுசுதானா என்று. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இத நீ கேக்கறியா, உன் மாமா கேக்குதா?"

"ரெண்டு பேரும்தான்," என்றீர்கள், லாரியைப் பார்த்துக்கொண்டே.

"உன் வண்டிக்கு நான் பழசப் போடுவனா நைனா?"

"போடலன்னா ஏன் சூடாவுது?"

அவர் எழுந்துவிட்டார். "வேற ஆள வெச்சித் தொறந்து பாத்துக்க. அதுக்கப்புறம் என்னைக் கூப்புடாத."

வேறு ஆளை வைத்துத் திறந்தோம். கேஸ்கெட் புதிதாகத்தான் இருந்தது. அதைப் போய் அவரிடம் சொன்னோமா? இல்லை. "அப்ப வேற எதயோ பண்ணிகீறான்," என்றீர்கள். நானும் தலையாட்டினேன். டீக்கடையில் நீங்கள் பேசியதைக் கேட்டு இரண்டு பேர் தங்கள் லாரியை அவர் ஷெட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அது தெரிந்தபோதும் நமக்கு உறுத்தவில்லை.

நீங்கள் கழனியில் மடை திருப்பப் போய் அங்கேயே விழுந்து உயிர் போன அன்று, முனிரத்தினம் வந்திருந்தார். எதிர்ச்சாரியில் கரண்டுக் கம்பத்தடியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. நான் அழுதுகொண்டே, இந்த மேஸ்திரி எதற்கு வந்திருக்கிறார் என்று யோசித்தேன். என்னையே நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

போன வியாழக்கிழமை பட்டறையிலிருந்து வந்ததும் நோட்டை எடுத்தேன். வரிசையாகப் பார்த்தால், ஒவ்வொரு புதன்கிழமையும் முள் ஒரு கோடு ஏறியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை தவறாமல் மலையேறிச் சந்தனம் வாங்கி வருவீர்கள். பாப்பாவுக்குக் கரைத்தது போக மீதியை என்ன செய்ய என்று நான் கேட்பேன். "கீழ ஊத்தாதம்மா, கால் படும். குடு," என்று சொம்பை வாங்கிக்கொண்டு போவீர்கள். செம்பருத்திக்கு ஊற்றுகிறீர்கள் என்று நினைத்தேன். ரேடியேட்டர் மூடியை வேறு யாரையும் தொடவிட மாட்டீர்கள், "கை வெந்துடும், நான் தொறக்கறேன்." ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட நான் அந்தச் சொம்பு எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

புது இன்ஜின் கொஞ்சம் சூடானது. பேத்திக்குக் கொடுக்கிற மருந்தை அதற்கும் கொடுத்தீர்கள். குழாயெல்லாம் அடைத்து இன்னும் சூடானது. இன்னும் கொஞ்சம் கொடுத்தீர்கள். முனிரத்தினம் சொன்னபடி சும்மா விட்டிருந்தால் ஒரு மாதத்தில் அடங்கியிருக்கும். இப்போது கழுவி மாட்டியதும் முள் பாதிக்குக் கீழேயே நிற்கிறது.

இவரிடம் சொன்னேன். "போனவரப் போய்க் காட்டிக் குடுக்கணுமா? வண்டிதான் சரியாயிடுச்சே, விடு," என்றார். இரண்டு நாள் விட்டுத்தான் பார்த்தேன். உங்களைச் சொல்லி ஊர் சிரிக்குமே என்று பயமாக இருந்தது. ஆனால் அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார், மாமா. அவர் ஷெட்டில் மூன்று லாரி நின்ற இடத்தில் இப்போது ஒன்றுதான் நிற்கிறது.

சனிக்கிழமை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கேஸ்கெட் பேச்சை ஆரம்பித்தது நான் என்பதையும். அவர் வேஸ்ட் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும்மா," என்றார்.

"எப்படி?"

"வால்வு கழட்டனேன் பாரு, அன்னிக்கே வாசன வந்திச்சி."

"அப்ப ஏன் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? முருகன் சந்தனத்தாலதான் உன் வண்டி கெட்டுப்போச்சின்னா? கொழந்தைக்கும் அதத்தானே குடுத்துகினு இருந்தான். மனசு விட்டுப்போயிருக்கும். நைசா ரேடியேட்டர மட்டும் கழுவிடலாம்னு வந்தேன். அதுக்குள்ள நீ டீயக் குடுத்துட்டு கேஸ்கெட்டக் கேட்டுட்ட." சொல்லிவிட்டுச் சிரித்தார். "டீ நல்லாத்தான் இருந்திச்சி."

பாப்பா அவர் ஸ்பானரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது சொன்னார்: "ரேடியேட்டர் அடைப்புன்னு மட்டும் சொல்லு. எதனாலன்னு யாருக்கும் வேணாம்." டீக்கடைக்குப் போய் அப்படியே சொன்னேன். மேஸ்திரி வேலையில் ஒரு குறையும் இல்லை, தப்பு எங்கள் மேல்தான் என்றும், நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன். லாரியை எடுத்துக்கொண்டு போன இருவரில் ஒருவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். காதில் வாங்கிக்கொண்டார்.

வரும் வழியிலேயே எனக்கு மறுபடி சந்தேகம் ஆரம்பித்துவிட்டது. வால்வைக் கழற்றியது மூன்றாவது வாரம். அதற்குள் இரண்டே இரண்டு செவ்வாய்தான் போயிருக்கும். அவ்வளவு தண்ணீரில், அந்த எண்ணெய் நாற்றத்தில், வாசனை தெரிந்திருக்குமா? இருக்காது என்றுதான் படுகிறது. அப்படியானால் அவருக்கு எதுவும் தெரியாது. குழந்தையோடு வந்து நின்றவள் அழுதுவிடக் கூடாது என்று அந்த நிமிடம் கட்டிய கதை அது. நீங்கள் இருந்தால், "புளுகறான்," என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பீர்கள்.

வண்டிகளிலிருந்து கழற்றிய பழசையெல்லாம் ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். நம் வால்வும் அதில்தான் கிடக்கும். மஞ்சளாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அடுத்த வாரம் ஆயில் மாற்ற வண்டி அவரிடம்தான் போகிறது, நானும் கூடப் போகிறேன். அந்த டப்பாவைக் கிளறக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன், மாமா. என்னால் முடியுமா என்பதுதான் சந்தேகமாக இருக்கிறது.