அரை மணி முந்திய பிறந்தநாள்

என் அன்புக்கும் சண்டைக்கும் உரிய மணியண்ணை,

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உங்கள் கம்ப்யூட்டர் நிரலில் பிழை இருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் கந்தோரில் உங்கள் மேசைக்கே வந்து கத்தியிருப்பேன். நீங்களும் பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டு, "கத்துங்க தம்பி, கத்தி முடிச்சிட்டு வரி நம்பரச் சொல்லுங்க" என்றிருப்பீர்கள். இப்போது கத்த ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஊரெல்லாம் குண்டுக்கும் கைதுக்கும் பயந்துகொண்டிருக்க, உங்களைக் கொசுக் காய்ச்சல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. உங்கள் மைத்துனன் ரமேஷைப் பிடித்துவிட்டார்கள். பல்லேகலவில் வேலை முடிந்து வந்தவனைத் தொழிற்சாலை வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருநாள் மாலை கொழும்பு லொட்ஜ் ஒன்றில் அவன் இயக்கத்து ஆள் யாரையோ சந்தித்தானாம். அந்த மாலை அவன் எங்கே இருந்தான் என்பது எங்களுக்குத் தெரியும். கொழும்பிலிருந்து மூன்று மணித்தியாலப் பயணத்தில், மஹய்யாவவில் உங்கள் வீட்டில், மகள் தாரணிக்கு முதலாவது பிறந்தநாள். அவள் கேக்கை எடுத்து மாமன் முகத்தில் அப்பினாள். நீங்கள் வீடியோ எடுத்தீர்கள்.

உங்கள் செல்வி, என் செல்வியக்கா, தம்பிக்காக லோயரிடம் இதைச் சொல்லியிருக்கிறார். சொந்தக்காரர் பேச்சு எடுபடாது, திகதியோடு ஏதாவது கொண்டுவாருங்கள் என்றாராம். கேக் வெட்டிய கையோடு அந்த வீடியோவைக் கெமராவிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றினீர்கள், ஏற்றி முடிய கரண்ட் போனது, நினைவிருக்கிறதா? அன்றோடு டிஸ்க் படுத்துவிட்டது. பொறவு பார்ப்போம் என்றீர்கள். எங்கே பார்த்தீர்கள்? கெமராவிலிருந்ததையும் அழித்துவிட்டீர்கள்.

அக்கா டிஸ்கைத் துவாயில் சுற்றித் தந்தார். பேராதனையில் என் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று பார்த்ததும் ஆமிப் பொடியனின் கை அப்படியே நின்றது. டிஸ்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான், காதருகில் வைத்து ஆட்டினான். கம்ப்யூட்டர் சாமான் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவன் ஒருவழியாகத் திருப்பித் தந்தான். டிஸ்க் விழுந்துவிடுமோ என்று குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

டிஸ்கை அப்படியே பிரதி எடுத்துவிட்டு, பிரதியில் எங்கள் நிரலை ஓடவிட்டேன். குழம்பிப்போன டிஸ்கைச் சோதித்துக் கோப்புகளை மீட்க நாங்கள் இருவரும் எழுதினோமே, அதேதான். வீடியோ வந்தது. ரமேஷின் முகமெல்லாம் ஐசிங். பின்னாலிருந்து உங்கள் குரல். கோப்பின் திகதியைப் பார்த்தேன். இன்றைய திகதி போட்டிருந்தது.

உட்கார்ந்து வரிவரியாக வாசித்தேன். காய்ச்சலில் படுக்க முன் நீங்கள் கடைசியாகச் சேர்த்த துண்டு அது, நான் வாசிக்காதது. டிஸ்கில் கடைசியாக எழுதப்பட்ட நேரத்தைவிடப் பிந்திய நேரம் ஒரு கோப்பில் இருந்தால் அது பழுது, இப்போதைய நேரத்தைப் போடு என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைய கோப்பு இன்றைக்கு வராது என்று நினைத்தீர்கள். இந்த நாட்டில் வரும் அண்ணை. அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணி பின்னுக்கு வைத்தபோது கம்ப்யூட்டரை மாற்றினீர்கள், கெமராவை மாற்றவில்லை. கரண்ட் போன நிமிடத்தில் கெமரா அரை மணி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் நிரல் உங்கள் மகளின் பிறந்தநாளைப் பழுது என்று எண்ணித் திருத்திவிட்டது.

பயம் அதோடு முடியவில்லை. நாளைக்கு லோயர் டிஸ்கையும் நிரலையும் சேர்த்தே பொலிஸிடம் கையளிக்கப்போகிறார். அவர்களுடைய ஆள் தன் கையால் ஓட்டிப் பார்ப்பானாம். திருத்தாமல் கொடுத்தால் ரமேஷின் ஒரே சாட்சி அழிந்துவிடும். நான் திருத்தினால்? பிடிபட்டவன் வீட்டுக்குப் போய்வருகிற யாழ்ப்பாணத்தான் நிரலை மாற்றினான், உடனே திகதி சரியாக வந்தது. யார் நம்புவார்கள்? சிறையில் ரமேஷுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு கூடு ஒதுக்குவார்கள். முடியாது என்று அக்காவிடம் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்துப் பெயர் போடாமல் வெளியே விடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். மற்றவர் நீங்கள். நீங்கள் இல்லை. கந்தோரில் அடுத்த மேசை நுவன்தான். கம்பளையில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவன், நல்லாய்த் தமிழ் பேசுவான். அவனுடைய அண்ணன் ஆமியில். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொல்லி, திருத்தியதை அவன் முன்னால் வைத்தேன். வாசிக்கத் தொடங்கினான். பாதியில் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக்குப் பிந்தி வருவதாக மனைவிக்குச் சொல்லப் போயிருக்கிறான்.

திரும்பி வந்து ஒரு வரியில் விரலை வைத்தான். "இது என்ன மச்சான், அரை மணியக் கழிக்கிற?"

நேரம் ஒழுங்காகத் தெரியட்டும் என்றுதான் என்றேன்.

"அப்ப அவரும் மாத்தினாரு, நீயும் மாத்துற. ஒண்ணையும் தொடாத. நேரம் பொருந்தலன்னு நிரல் சொல்லிட்டு, கோப்ப அப்படியே விடட்டும்."

"அந்த அரை மணியைப் பிடிச்சுக் கேட்டா?"

"கேக்கட்டும். அந்த அரை மணி எங்க வீட்டுச் சுவர் மணிக்கூட்டுலயும் இருந்திச்சு. பொய் செய்யிறவன் அத விட்டுட்டுப் போவானா?"

என் வரிகளை வெட்டினோம். உங்கள் வரிகளையும் வெட்டினோம், கோபிக்காதீர்கள். மறுபடி பிரதி எடுத்து ஓடவிட்டோம். பிறந்தநாள் திகதி, அரை மணி முன்னால், எடுத்தபடியே நின்றது. கீழே ஒரு வரி: நேரம் பொருந்தவில்லை, மாற்றப்படவில்லை. வாசித்தவர் பெயருக்கு முதலெழுத்து மட்டும் போதும் என்றேன். முழுப் பேரையும் போடு என்றான். சொல்லிவிட்டு எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினான். அவனுக்கும் பயம்தான்.

எனக்கு இன்னும் பயம். நாளைக்கு அந்த ஆள் ஓட்டாமலே டிஸ்கை மூலையில் போடலாம். ஓட்டிவிட்டும் நம்பாமல் விடலாம். என் பெயரைக் குறித்துக்கொள்ளலாம். அக்கா காலையில் தாரணியையும் தூக்கிக்கொண்டு வருவாராம். அவள் இப்போது நடக்கிறாள். யார் தாடி வைத்திருந்தாலும் மாமா என்கிறாள்.

உங்கள் கெமரா என் மேசையில் இருக்கிறது, இன்னும் அரை மணி முன்னால்தான். அந்த நேரத்தை நான் தொடமாட்டேன். ரமேஷ் வெளியே வந்து, தன் கையால் திருத்தட்டும். அதுவரை, எத்தனை தரம் பஸ்ஸிலிருந்து இறக்கிச் சோதித்தாலும், அக்காவோடு நான் போவேன் அண்ணை.

வரி நம்பரோடு வந்து நிற்கும் உங்கள் தம்பி,
சுதன்