விட்டுப்போன வரி

கிறிஸ்து அரசர் திருநாள், ஞாயிறு இரவு.

போன வருடம்தான் எழுத்துப் படித்தேன். இன்று பண்டாரவளையில் வாங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோயிலில் முதல் வாசகத்தை நானே வாசித்தேன்! ஆனால் கண் தாவி ஒரு வரி விட்டுப்போயிற்று. யாரும் கவனிக்கவில்லை.

பவனி தேயிலைத் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றும்போது, அரசர் சுரூபத்தைத் தோளில் சுமந்தபடியே சவரிமுத்து சிரித்தான்.

"எங்கள ஏமாத்தாதீங்கண்ணே. ஜெபமாலை மாதிரி இதையும் மனப்பாடம் பண்ணிட்டுத்தானே வந்தீங்க?"

"மனப்பாடமா இருந்தா வரி விடுமாடா?" என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். சொன்னால் ஆண்டவர் வார்த்தையைக் குறைத்தவன் ஆவேன். சொல்லாவிட்டால் வாசிக்கத் தெரியாதவன்.

படுத்தாலும் தூக்கம் வரவில்லை. காலையில் ஃபாதரிடம் சொல்லிவிடுவேன். எந்த வரி என்று கேட்டால், அவர் முன்னாலேயே வாசித்தும் காட்டுவேன்.