கிரிலின் கோட்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆரணியின் வணக்கம். முதுகு நோவு தணிந்ததா? அம்மா நன்றாக நித்திரை கொள்கிறாவா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன கிழமை மட்டும் கொஞ்சம் பயந்தேன். கிரில் என்ற ரஷ்யக் கூடைப்பந்து வீரர் எங்கள் கொலோன் தையற்கடைக்கு வந்தார். பள்ளிக்கூட நாளிலேயே சைபீரியாவில் ஆடத் தொடங்கி, மாஸ்கோவில் பெயரெடுத்து, முழங்கால் பழுதானபின் இங்கே ஜெர்மனியில் ஒரு சின்னக் கழகத்துக்கு ஆடியவர். ஓய்வுபெறும் விழாவுக்குக் கோட் கேட்டார். தைத்துக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தார். மைதானத்தில் போட்டுப் பார்த்தால் முன்பக்கம் மேலே தூக்குகிறதாம்.

“உனக்கு அளவெடுக்கவே தெரியேல்லையோ?” என்று கடைக்கார அக்கா கத்தினா.

கிரில்தான் என்னைக் காப்பாற்றினார். “பிழை என்னுடையது. பந்து விளையாடும்போது மட்டும்தான் நான் நிமிர்வேன். மற்ற இடமெல்லாம் தலை இடிக்கும்.” நான் அளவெடுத்தபோது, கூரை தாழ்ந்த எங்கள் கடைக்குள் அவர் குனிந்தே நின்றிருக்கிறார்.

நல்லகாலம், வளரும் பிள்ளைகளுக்கு விடுவதுபோல் மடிப்புக்குள் துணி விட்டிருந்தேன். மைதானத்துக்குப் போய், கதிரையில் ஏறி நின்று அளந்து, இறக்கிக் கொடுத்தேன். நேற்று விழாவில் அந்தக் கோட்டோடு நிமிர்ந்து நின்றார். அக்காவே கை தட்டினா.

உங்களுக்கும் சட்டைத்துணி வாங்கியிருக்கிறேன். என்னிடம் இருப்பது நான் வெளிக்கிட்ட வருடத்து அளவு. வீடியோவில் உங்கள் முகம் மட்டும்தானே தெரிகிறது. உங்களை அளந்து அனுப்பும்படி அம்மாவிடம் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தை ஊருக்குக் கொண்டுவரும் யதுசன் அண்ணை காரில் காத்திருக்கிறார். அப்பா, அளக்கும்போது எனக்காக நிமிர வேண்டாம். இப்போது எப்படி நிற்கிறீர்களோ, அப்படியே நில்லுங்கள்.

ஆரணி